மாஸ்டா எம்எக்ஸ்-5: எந்த டயர், எவ்வளவு காற்று?

புது டயர் மாட்டி வெளியே எடுத்த எம்எக்ஸ்-5 சின்ன மேடுபள்ளத்துக்கெல்லாம் துள்ளுகிறதா? ஸ்டீயரிங் நடுவில் நிற்காமல் அலைகிறதா, ஈரச் சாலையில் பின்பக்கம் விலகுகிறதா? டயர் கம்பெனியைத் திட்டுவதற்கு முன்னால் காற்றை அளந்து பாருங்கள். அனேகமாக நாலு சக்கரத்திலும் 34, 35 பிஎஸ்ஐ இருக்கும். கனமான குடும்பக் கார்களுக்குப் பொருந்தும் அளவு அது. டயர் கடைகளில் கை பழக்கத்தில் எல்லாக் காருக்கும் அதையே அடித்து அனுப்பிவிடுகிறார்கள். முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 கேட்பதோ 26.

1989-ல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான இந்த இரண்டு சீட்டுக் காரில் இதுவரை நாலு தலைமுறைகள் வந்துவிட்டன. வைத்திருப்பவர்கள் அவற்றை என்ஏ, என்பி, என்சி, என்டி என்பார்கள். உடம்பு மாறினாலும் குணம் மாறவில்லை: முன்னால் இன்ஜின், பின்சக்கர ஓட்டம், முன்னும் பின்னும் ஏறக்குறைய சரிபாதி எடை, மொத்தமே ஒரு டன் பக்கம். டயர் விஷயத்தில் எடுக்க வேண்டிய முடிவெல்லாம் அந்தக் கடைசி விவரத்திலிருந்துதான் வருகிறது. காருக்கு எடை கம்மி. அதனால் அதற்குப் போதுமான டயரும் சின்னது, போதுமான காற்றும் கம்மி.

ஒரு சின்னக் கணக்கு

என்ஏ காரின் எடை ஏறத்தாழ 1,000 கிலோ. இரண்டு பேர் உட்கார்ந்தால் 1,150. ஒரு சக்கரத்துக்கு 290 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 195/50 ஆர்15 அளவு டயரில் (195 மி.மீ. அகலம், அதில் 50 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், 15 அங்குல ரிம்) வழக்கமாக இருக்கும் பளு எண் 82. அதாவது சுமார் 36 பிஎஸ்ஐ காற்றில் அந்த டயர் 475 கிலோ தாங்கும். காற்றை 26-க்கு இறக்கினாலும் 360 கிலோ பக்கம் தாங்கும். தேவைக்கு மேலேயே கையிருப்பு இருக்கிறது. மாஸ்டா தைரியமாக 26 என்று எழுதியதற்குக் காரணம் இதுதான்.

அதிகமாக அடித்தால் என்ன போய்விடும்? தரையைத் தொடும் பரப்பு போய்விடும். சக்கரத்தின் மேல் நிற்கும் எடையைக் காற்றழுத்தத்தால் வகுத்தால் தொடுபரப்பு தோராயமாகக் கிடைக்கும். டயரின் பக்கச்சுவரும் கொஞ்சம் எடையைச் சுமப்பதால் இது துல்லியமான கணக்கு இல்லை, ஆனால் திசை சரி. 26 பிஎஸ்ஐயில் சக்கரத்துக்கு 155 சதுர செ.மீ. போல வருகிறது. 35-ல் 115 சொச்சம். கால்வாசித் தரையை நீங்களே விட்டுக்கொடுத்த மாதிரி. கனமான காரில் அதே 35-ல் எடை டயரை அழுத்தி விரிக்கும். இங்கே அழுத்த எடை இல்லை. டயர் நடுப்பகுதியில் மட்டும் ஓடி, சூடேறாமல், கல் மாதிரி துள்ளும்.

அளவு

கம்பெனியிலிருந்து வந்த அளவுகளும், சமதளச் சாலைக்கான குளிர்ந்த நிலைக் காற்றும்:

என்ஏ: 185/60 ஆர்14, 26 பிஎஸ்ஐ.
என்பி: 185/60 ஆர்14 அல்லது 195/50 ஆர்15, 26 பிஎஸ்ஐ. பிந்தைய சில மாடல்களில் 205/45 ஆர்16.
என்சி: 205/50 ஆர்16 அல்லது 205/45 ஆர்17, 29 பிஎஸ்ஐ.
என்டி: 195/50 ஆர்16 அல்லது 205/45 ஆர்17, 29 பிஎஸ்ஐ.

26 என்பது 180 கிலோபாஸ்கல், 29 என்பது 200. உங்கள் காருக்கு உறுதியான எண் டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கிறது. நாட்டுக்கு நாடு, மாடலுக்கு மாடல் சில மாற்றங்கள் உண்டு. டயரின் பக்கச்சுவரில் 44 அல்லது 51 பிஎஸ்ஐ என்று அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச எல்லை. அதைப் பார்த்துக் காற்றடிக்கக் கூடாது.

அளவு மாற்ற நினைத்தால் முதலில் பார்க்க வேண்டியது மொத்த விட்டம். 185/60 ஆர்14-க்குக் கணக்கிட்டுப் பார்ப்போம். 185-ல் 60 சதவீதம் 111 மி.மீ., மேலும் கீழுமாக 222. 14 அங்குல ரிம் 355.6 மி.மீ. கூட்டினால் 577.6. 195/50 ஆர்15-க்கு 576. இரண்டும் ஒன்றுதான் என்பதால் என்ஏவுக்கு 15 அங்குல ரிம் போடுவது பழைய, பாதுகாப்பான வழக்கம். 14 அங்குலத்தில் நல்ல ஸ்போர்ட்ஸ் டயர்கள் வருடா வருடம் குறைந்துகொண்டே போவதால் இன்று அது கிட்டத்தட்டக் கட்டாயமும் ஆகிவிட்டது.

205/50 ஆர்15 போட்டால் 586 மி.மீ., ஒன்றரை சதவீதம் கூடுதல். 6.5, 7 அங்குல அகல ரிம்மில் இது அழகாக உட்காரும். கிடைக்கும் ரகங்களும் அதிகம். 195/55 ஆர்15 விலை மலிவு, எங்கும் கிடைக்கும், ஆனால் விட்டம் 595.5. மூன்று சதவீதம் உயர்வு என்றால் கியர் அந்த அளவுக்கு நீண்டுவிட்டது என்று பொருள். 115 குதிரைசக்தி இன்ஜினில் அது தெரியும். பக்கச்சுவரும் 10 மி.மீ. உயர்வதால் வளைவில் திருப்பியதும் கார் ஒரு கணம் யோசிக்கும். தினமும் வேலைக்குப் போக மட்டும் என்றால் பரவாயில்லை. மலைப்பாதைக்காகவே கார் வாங்கியவர் இதைத் தொட வேண்டாம்.

என்டியில் 16 அங்குலம் வைத்திருப்பவர்களின் குறை வேறு. 195/50 ஆர்16 அளவில் கடையில் இரண்டு மூன்று ரகம் கிடைத்தாலே அதிகம். 205/50 ஆர்16 போட்டால் விட்டம் 611 மி.மீ. ஆகிறது. இது 17 அங்குல என்டியின் 616-க்கும் 16 அங்குல என்டியின் 601-க்கும் நடுவில் விழுவதால் பலர் இதற்கு மாறுகிறார்கள். 17 அங்குலக்காரர்களுக்கு 205/45-லேயே தேர்வு நிறைய இருக்கிறது. 215/45 ஆர்17 போடலாம்தான், ஆனால் என்டியின் 7 அங்குல ரிம் அந்த அகலத்துக்கு அனுமதிக்கப்பட்ட குறைந்தபட்சம். போட்ட பின் பக்கச்சுவர் உப்பி நிற்கும், திருப்பும் கூர்மை கொஞ்சம் மழுங்கும்.

அகலம் கூடினால் பிடிப்பும் கூடும் என்பது பாதி உண்மை. 15-க்கு 9 அங்குல ரிம்மில் 225/45 போட்டு ஆட்டோகிராஸ் (திடலில் கூம்புகளைச் சுற்றி ஓட்டி நேரம் பார்க்கும் போட்டி) ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அது வேலை செய்கிறது. அவர்கள் பிசின் மாதிரி ஒட்டும் கலவையை வைத்து, அதற்கேற்ற ஸ்பிரிங்கும் கேம்பரும் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) போட்டிருப்பார்கள். கம்பெனி சஸ்பென்ஷனில் அகல டயர் மாட்டினால் டயர் சூடே ஏறாது, ஸ்டீயரிங் கனக்கும், தேங்கிய தண்ணீரில் கார் சீக்கிரம் மிதக்கும். எடை குறைந்த காருக்கு இந்தக் கடைசி ஆபத்து ஏற்கெனவே அதிகம். அகலத்தை ஏற்றி அதை இன்னும் கூட்டிக்கொள்ள வேண்டுமா என்பதை யோசியுங்கள். என்ஏவில் 17 அங்குலம் போடுவது பார்வைக்கு மட்டும்தான். வீலும் டயரும் சேர்ந்து சில கிலோ கூடி, சஸ்பென்ஷன் அந்த எடையைத் தூக்கி இறக்குவதிலேயே களைத்துவிடும்.

ரிம் வாங்கும்போது: என்ஏ, என்பி, என்டிக்கு நாலு போல்ட், 100 மி.மீ. வட்டம், நடுத்துளை 54.1 மி.மீ. என்சிக்கு ஐந்து போல்ட், 114.3 மி.மீ. வெளிக் கம்பெனி ரிம்மில் நடுத்துளை பெரிதாக இருந்தால் 54.1-க்குக் குறைக்கும் வளையம் போட வேண்டும். இல்லாவிட்டால் எவ்வளவு பேலன்ஸ் செய்தாலும் ஸ்டீயரிங் நடுங்கும்.

எந்த ரகம்

இங்கேதான் பணம் வீணாகிறது. ஓட்டும் விதத்தை நேர்மையாகச் சொல்லிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

சாலையில் மட்டும் ஓடும் காருக்கு, மழையில் நன்றாகப் பிடிக்கும் கோடைக்கால ஸ்போர்ட்ஸ் டயர் போதும். மிச்சலின் பைலட் ஸ்போர்ட் 5, பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்ஸா ஸ்போர்ட், யோகோஹாமா அட்வான் ஃப்ளீவா போன்றவை இந்த வகை. எல்லாம் எல்லா அளவிலும் வராது. முதலில் உங்கள் அளவைத் தேடி, பிறகு பெயரைப் பாருங்கள். ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் விற்கும் டயரில் ஈரப்பிடிப்புக்கு ஏ முதல் இ வரை தரக்குறியீடு ஒட்டியிருக்கும். பின்சக்கரக் காருக்கு அந்தக் குறியீட்டில் ஏ, பி தாண்டிக் கீழே போகாதீர்கள். எரிபொருள் சிக்கனக் குறியீட்டை இந்தக் காருக்குப் பொருட்படுத்தத் தேவையில்லை.

அமெரிக்கச் சந்தை டயர்களில் தேய்மான எண் அச்சாகி இருக்கும். 400, 500 என்றால் நீண்ட நாள் உழைக்கும் கெட்டிக் கலவை. 300 பக்கம் நல்ல சாலை ஸ்போர்ட்ஸ் டயர். 200 என்றால் ஆட்டோகிராஸ், டிராக் நாள் (பந்தயத் தடத்தில் சொந்தக் காரை ஓட்டும் நாள்) ரகம்: பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்இ-71ஆர்எஸ், யோகோஹாமா ஏ052, ஹான்குக் ஆர்எஸ்4, ஃபால்கன் ஆர்டி660. 100-க்கு வந்தால் டோயோ ஆர்888ஆர் போன்ற, சாலைக்கு அனுமதி பெற்ற பந்தய டயர்கள். இந்த எண்ணை அந்தந்தக் கம்பெனியே சோதித்துப் போட்டுக்கொள்வதால் இரண்டு கம்பெனிகளின் 200-ஐ ஒப்பிட்டுச் சண்டை போடுவதில் பயனில்லை. ஆர்எஸ்4 பல டிராக் நாள் உழைக்கும். ஏ052 ஒட்டும் ஒட்டுக்கு அவ்வளவு நாள் நிற்காது. இரண்டிலும் அச்சிட்டிருப்பது அதே 200.

200 ரக டயரைத் தினசரிக் காரில் போடுபவர்கள் கவனிக்க வேண்டியது குளிரும் தண்ணீரும். காலை 5 டிகிரியில் முதல் ரவுண்டானாவில் அந்த ரப்பர் விறைத்திருக்கும். பட்டன் பள்ளங்களும் ஆழம் குறைவு. பாதி தேய்ந்த பிறகு கனமழையில் நெடுஞ்சாலையில் போவது வம்பு.

பளு எண்ணில் கதவு ஸ்டிக்கர் அளவு டயருக்கு உரியதைவிடக் கீழே இறங்கக் கூடாது. டயர் தாங்கும் உச்ச வேகத்தைச் சொல்லும் வேக எழுத்தில் ஹெச் என்றால் மணிக்கு 210 கி.மீ., வி 240, டபிள்யூ 270. எக்ஸ்எல் என்று எழுதிய கூடுதல் பளு டயரைத் தேடிப் போக வேண்டாம். கனமான காருக்காகக் கெட்டிப்படுத்திய சுவர் அது. இந்தக் காரில் அதன் முரட்டுத்தனம் மட்டும் மிஞ்சும். உங்கள் அளவில் அது ஒன்றுதான் கிடைக்கிறது என்றால் வாங்கிக்கொள்ளுங்கள், ஸ்டிக்கர் எண்ணுக்கு மேல் 1, 2 பிஎஸ்ஐ வையுங்கள்.

வாங்கும்போதும் மாட்டும்போதும்

வார இறுதியில் மட்டும் ஓடும் கார்களின் பெரிய எதிரி வயது. ஆழம் 6 மி.மீ. இருக்கும், ரப்பர் செத்திருக்கும். பக்கச்சுவரில் டாட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் கடைசி நாலு எண்களைப் பாருங்கள்: 2319 என்றால் 2019-ம் ஆண்டு 23-ம் வாரம். ஐந்து வருடம் தாண்டினால் வருடம் ஒருமுறை நிபுணரிடம் காட்ட வேண்டும், பத்து வருடத்தில் பார்வைக்கு எப்படி இருந்தாலும் தூக்கிப் போட வேண்டும் என்பது பல டயர் கம்பெனிகளின் பொது அறிவுரை. ஸ்போர்ட்ஸ் காருக்கு ஆறு ஏழு வருடத்திலேயே மாற்றிவிடுவது நல்லது. நகத்தால் பட்டனை அழுத்திப் பாருங்கள். புது டயரில் நகம் கொஞ்சம் பதியும், கெட்டுப்போனதில் சறுக்கும். பள்ளங்களின் அடியில் மயிரிழை வெடிப்பு இருந்தால் விவாதமே வேண்டாம்.

தேய்மானத்துக்கு பிரிட்டனில் சட்ட எல்லை 1.6 மி.மீ. பள்ளத்துக்குள் குறுக்காக இருக்கும் சின்ன மேடுகளும் அதே உயரம்தான். மழை ஊரில் 3 மி.மீ.யிலேயே மாற்றுங்கள்.

நாலையும் ஒரே ரகமாக மாற்றுவதே சரி. முடியாதென்றால் புது ஜோடி எப்போதும் பின்னால். முன்னால் வழுக்கினால் கார் நேராகப் போகும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் அடங்கும். பின்னால் வழுக்கினால் சுற்றிவிடும். ஒரே அச்சில் இரண்டு ரகத்தைக் கலக்கவே கூடாது. எல்எஸ்டி (இரண்டு பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல்) உள்ள காரில் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும். என்ஏ, என்பியில் இருக்கும் ஒல்லி ஸ்டெப்னியை, 60 பிஎஸ்ஐ அடித்து, முன்னால் மட்டும் போடுங்கள். பஞ்சர் பின்சக்கரத்தில் என்றால் முன்சக்கரம் ஒன்றைப் பின்னுக்கு மாற்றிவிட்டு ஸ்டெப்னியை முன்னால் மாட்டுங்கள். கொஞ்சம் கூடுதல் வேலைதான், டிஃபரன்ஷியல் பிழைக்கும். என்சி, என்டியில் ஸ்டெப்னிக்குப் பதில் அடைக்கும் திரவமும் பம்பும் இருக்கும். திரவத்துக்குக் காலாவதித் தேதி உண்டு.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை சில. பழைய ரப்பர் வால்வை எடுத்துவிட்டுப் புதிது போடச் சொல்லுங்கள். முப்பது வயது அலாய் ரிம்மில் டயர் உட்காரும் விளிம்பு அரித்து வெள்ளை பூத்திருக்கும். அதைக் கம்பித் தூரிகையால் சுரண்டாமல் மாட்டினால் வாரத்துக்கு 2, 3 பிஎஸ்ஐ கசியும், பஞ்சர் கடைக்கு எத்தனை முறை போனாலும் ஓட்டை தெரியாது. சோப்புத் தண்ணீரை விளிம்பைச் சுற்றி ஊற்றிப் பார்த்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். பேலன்சிங்கில் என்ஏ, என்பி ரொம்பவும் நுணுக்கம். 100, 110 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கினால் திரும்பவும் செய்யச் சொல்லுங்கள், ஒரு சக்கரத்தில் 10 கிராம் தவறினாலும் இந்தக் காரில் கைக்குத் தெரியும். நட்டுகளை ஏர் கன்னால் இறுக்க விடாமல் டார்க் ரெஞ்சால் குறுக்கு மறுக்காக முடுக்க வேண்டும்: என்ஏ, என்பிக்கு 90 முதல் 118 நியூட்டன் மீட்டர் வரை, நடுவில் 105 வையுங்கள். 100 கி.மீ. ஓடிய பின் ஒருமுறை சரிபாருங்கள்.

டயர் மாற்றினால் அலைன்மென்டும் செய்துவிடுங்கள். என்ஏ, என்பியில் நாலு மூலையிலும் கேம்பரும் டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) திருத்த முடியும். அந்த போல்ட்டுகள் துருவேறி இறுகியிருந்தால் பல கடைகளில் டோவை மட்டும் தொட்டுவிட்டு அனுப்புவார்கள். சாலை ஓட்டத்துக்கு முன்சக்கரங்களில் கேம்பர் மைனஸ் 1 டிகிரி, பின்சக்கரங்களில் மைனஸ் 1.5 பக்கம், பின்சக்கரங்களுக்குச் சிறிது டோ-இன் (முன்விளிம்பு உள்நோக்கித் திரும்பியிருப்பது) என்பது பலருக்கும் பொருந்தும் அமைப்பு. டயரின் உள்விளிம்பு மட்டும் மொட்டையாகிறது என்றால் கேம்பரைக் குறை சொல்வதற்கு முன் டோவைப் பாருங்கள்.

புது டயரின் மேல், தொழிற்சாலையில் வார்ப்பு அச்சிலிருந்து எளிதாக எடுப்பதற்காகப் பூசிய வழுவழுப்பு ஒட்டியிருக்கும். முதல் 200 கி.மீ. அடக்கமாக ஓட்டுங்கள்.

காற்றடிக்கும் முறை

முதலில் நல்ல கேஜ். பெட்ரோல் பங்க் கேஜ்கள் நாள் முழுக்க அடிபட்டவை, நம்ப முடியாது. 0 முதல் 60 பிஎஸ்ஐ வரை காட்டும், காற்றை விடும் பொத்தான் உள்ள டயல் கேஜ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 150 வரை காட்டும் கேஜில் 26-க்கும் 28-க்கும் நடுவில் கோடே இருக்காது. ஒரே கேஜை எப்போதும் பயன்படுத்துவது, அதன் துல்லியத்தைவிட முக்கியம்.

கார் மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும். காலையில் எடுப்பதற்கு முன் அளப்பதே உத்தமம். ஒரு பக்கம் வெயில் பட்டிருந்தால் அந்தப் பக்க டயர்கள் 1, 2 பிஎஸ்ஐ கூட்டிக் காட்டும், அதை நம்பிக் காற்றை விட்டுவிடாதீர்கள். வெப்பநிலை 10 டிகிரி இறங்கினால் ஏறத்தாழ 1.5 பிஎஸ்ஐ குறையும். 20 டிகிரி கராஜில் சரியாக 26 வைத்த டயர் வெளியே உறைநிலைக் காலையில் 23 காட்டும். பருவம் மாறும்போதெல்லாம் அளக்கச் சொல்வது இதனால்தான். கசிவினாலும் மாதத்துக்கு 1 பிஎஸ்ஐ போகும். வழியில் பங்க்கில்தான் அடிக்க முடியும் என்றால், சூடான டயருக்கு இலக்கைவிட 3 கூடுதலாக வைத்து, மறுநாள் காலை வீட்டில் சரிசெய்யுங்கள்.

தொடக்கம் ஸ்டிக்கர் எண். அங்கிருந்து ஒரு நேரத்தில் 1 பிஎஸ்ஐ மட்டும் மாற்றி, தெரிந்த ஒரே சாலையில் ஓட்டிப் பாருங்கள். சாலை ஓட்டத்துக்கு என்ஏ, என்பிக்கு 26 முதல் 29 வரை, என்சி, என்டிக்கு 28 முதல் 31 வரை நியாயமான எல்லை. மெத்தென்ற சுவர் கொண்ட டயர் மேல் நுனியைக் கேட்கும். 200 ரகக் கெட்டிச் சுவர் கீழ் நுனியில் நன்றாக இருக்கும். எந்தக் காரணத்துக்காகவும் சாலையில் குளிர்ந்த நிலையில் 24-க்குக் கீழே போக வேண்டாம். நெடுஞ்சாலை வேகத்தில் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடாகி உள்ளுக்குள் பிரிந்துவிடும்.

காற்று அதிகம் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? நேர்ச் சாலையில் ஸ்டீயரிங் பரபரக்கும். வளைவின் நடுவில் ஒரு சின்ன அலை வந்தால் கார் பக்கவாட்டில் அரையடி தாவும். ஈரத்தில் பிரேக் அடித்தால் சக்கரம் சட்டென்று பூட்டிக்கொள்ளும், அல்லது ஏபிஎஸ் சீக்கிரம் நடுங்கும். மாதங்கள் போனால் நடு வரி மட்டும் தேயும். காற்று குறைவென்றால் திருப்பிய பிறகே கார் திரும்பும், இடையில் ஒரு மந்தம் இருக்கும். டயர் சீக்கிரம் கத்தும். இரண்டு ஓரங்களும் தேயும்.

இன்னொரு சோதனையும் உண்டு. குளிர்ந்த நிலையில் அளந்து, இருபது நிமிடம் கொஞ்சம் உற்சாகமாக ஓட்டி, நின்றதும் திரும்ப அளக்கவும். 3 அல்லது 4 பிஎஸ்ஐ ஏறியிருந்தால் ஏறக்குறையச் சரி. 6, 7 ஏறினால் டயர் அதிகம் நெளிகிறது, தொடக்கத்தில் காற்று குறைவு. ஒன்றுதான் ஏறியது என்றால் டயர் வேலையே செய்யவில்லை, காற்று அதிகம்.

முன்னும் பின்னும் வேறுபாடு வைப்பது ருசி விஷயம். பொது விதி: எந்தப் பக்கம் பிடிப்பு வேண்டுமோ அங்கே 1 பிஎஸ்ஐ குறைக்கவும். வளைவில் முன்பக்கம் வெளியே தள்ளினால் முன்னால் 1 குறையுங்கள். மழையில் பின்பக்கம் விலகினால் பின்னால். ஆனால் இந்த விதி காற்று ஏற்கெனவே போதுமான அளவு இருக்கும்போதுதான் செல்லும். குறைந்து கிடக்கும் டயரில் இன்னும் குறைத்தால் பிடிப்பு போகும். இரண்டு முனைகளுக்கும் 2 பிஎஸ்ஐக்கு மேல் வித்தியாசம் வைத்தால்தான் கார் சரியாக ஓடுகிறது என்றால், பிரச்சினை அலைன்மென்டிலோ தேய்ந்த புஷ்ஷிலோ இருக்கிறது. தொடர்ந்து கனமழை என்றால் 1 கூட்டுங்கள், இறக்காதீர்கள். குறைந்த காற்று டயரைச் சீக்கிரம் மிதக்கவிடும்.

நைட்ரஜனுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை, சாதாரணக் காற்றிலேயே அது 78 சதவீதம் இருக்கிறது. காற்றழுத்த எச்சரிக்கை விளக்கு உள்ள கார் வைத்திருப்பவர்கள் அதை நம்பி அளப்பதை விட்டுவிடக் கூடாது. அமெரிக்க விதிப்படி ஸ்டிக்கர் எண்ணிலிருந்து 25 சதவீதம் குறைந்தால் அது எரிந்தாக வேண்டும். 29-ல் 25 சதவீதம் போனால் 22-க்கும் கீழே. விளக்கு எரியும் நேரத்தில் கார் கெட்டுப்போய் வெகுநாள் ஆகியிருக்கும்.

குளிர்காலம்

7 டிகிரிக்குக் கீழே கோடைக் கலவை இறுகத் தொடங்கும். மைனஸ் 7 அளவில் நிற்கும் ஒட்டும் ரகங்களைத் தொடாமல் இருப்பதே மேல், நகர்த்தினாலே பட்டன் வெடிக்கலாம் என்று கம்பெனிகளே எச்சரிக்கின்றன. கனடாவின் கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். மலையும் பனிச்செதிலும் பொறித்த டயராகப் பாருங்கள். ரிம்மை ஓர் அளவு சிறிதாக்கி, 17-க்குப் பதில் 16 போடுவது வசதி. பிரேக் காலிப்பர் இடிக்கிறதா என்பதை மட்டும் முதலில் பொருத்திப் பாருங்கள். காரை மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டயர் ஓரிடத்தில் தட்டையாகாமல் இருக்க 35 முதல் 40 வரை அடித்து நிறுத்தலாம், பக்கச்சுவர் உச்ச எல்லையைத் தாண்டாமல். எவ்வளவு அடித்தோம் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஸ்டீயரிங்கில் ஒட்டிவிடுங்கள்.

டிராக் நாளுக்கு

அங்கே குளிர்ந்த எண்ணைவிடச் சூடான எண்தான் முக்கியம். 200 ரக டயர், எடை குறைந்த கார் என்றால் சூட்டில் 30 முதல் 34-க்குள் எங்கோ உங்கள் இலக்கு இருக்கும். காலையில் 25, 26-ல் தொடங்கி, முதல் இரண்டு சுற்று மெதுவாகச் சூடேற்றி, ஐந்தாறு சுற்று ஓட்டிவிட்டு உள்ளே வாருங்கள். கூல் டவுன் சுற்று எடுக்காமல் வந்து உடனே நாலையும் அளக்கவும். கடிகாரச் சுற்றில் ஓடும் டிராக்கில் இடப்பக்க டயர்கள் அதிகம் சூடாகி 2, 3 பிஎஸ்ஐ கூடுதலாக இருக்கும். இலக்குக்கு மேல் இருக்கும் காற்றை அங்கேயே வெளியேற்றுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் இதையே செய்தால் மூன்றாவது ஓட்டத்தில் எண்கள் நிலைக்கும். நாலு மூலை எண்களையும் எழுதி வைத்தால் அடுத்த முறை பாதி வேலை மிச்சம்.

டயரே சொல்லும் குறிப்பையும் படியுங்கள். தோள்பட்டையில் சின்ன முக்கோணக் குறி இருக்கும். ஓடிய தடம் அந்த முனையைத் தொட்டு நின்றால் சரி. தாண்டிப் பக்கச்சுவரில் எழுத்தைத் தேய்த்தால் காற்றோ கேம்பரோ போதவில்லை. முனைக்கு ஒரு விரல் முன்னாலேயே நின்றுவிட்டால் காற்று அதிகம். குறி இல்லாத டயரில் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்க்கலாம். ஊசி வெப்பமானி இருந்தால் உள், நடு, வெளி மூன்றிலும் குத்துங்கள்: நடு சூடு என்றால் காற்றை விடவும், இரண்டு ஓரமும் சூடு என்றால் அடிக்கவும். உள்விளிம்பு 5 முதல் 10 டிகிரி கூடுதலாக இருப்பது இயல்பு. வெளிவிளிம்பு அதைவிடச் சூடு என்றால் கேம்பர் கேட்கிறது. லேசர் காட்டும் வெப்பமானி மேல்தோலை மட்டும் பார்க்கும், அது நொடிகளில் ஆறிவிடும்.

பம்ப் ஒன்றை டிக்கியில் போட்டுக்கொண்டு போங்கள். நாள் முழுக்கச் சூட்டில் விட்டு விட்டு 30-க்கு வைத்த டயர் ஆறியதும் 23, 24-ல் நிற்கும். நெடுஞ்சாலையில் அப்படியே வீட்டுக்குக் கிளம்புகிறவர்கள் உண்டு. டயர்கள் கையில் தொட்டால் சுடாத அளவுக்கு ஆறும்வரை ஒரு மணி நேரம் நின்று, ஸ்டிக்கர் எண்ணுக்கு ஏற்றி, நட்டுகளையும் டார்க் ரெஞ்சால் ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.